செருப்புடன் உள்ளே வரவும்

எங்கள் தெருவிலிருக்கும் வங்கிக் கிளையின் வரலாற்றை எழுதித் தரும்படி என்னைக் கேட்டார்கள். கேட்டவர் இப்போதைய மேலாளர். கேரளத்துப் பெண், என் மகள் வயதுதான் இருக்கும். நான் அதே கிளையில் ஒரு காலத்தில் மேலாளராக இருந்தவன். ஓய்வுபெற்ற பிறகு புதுச்சேரியில், அதே முத்தியால்பேட்டையில், அதே தெருவில், கிளைக்கு நாலு வீடு தள்ளிக் குடியிருப்பவன். என்னைவிடத் தகுதியான ஆள் கிடையாது என்று அவர் நினைத்தார். நான் பல வருடங்களாகவே அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

காரியம் என்னவோ விளையாட்டானது இல்லை. இந்தக் கிளையை எடுத்துவிட்டு டவுனில் இருக்கும் பெரிய கிளையோடு சேர்த்துவிடலாமா என்று மேலிடத்தில் யோசித்துக்கொண்டிருந்தார்கள். எல்லோரும் போனிலேயே பணம் அனுப்புகிறார்கள், இந்தச் சின்னத் தெருவுக்குள் வந்து யார் வரிசையில் நிற்கப்போகிறார்கள் என்பது அவர்கள் கேள்வி. ஒரு பெரிய அதிகாரி நேரில் வந்து பார்த்து முடிவு சொல்வார். அவர் கையில் கொடுப்பதற்கு, இந்தக் கிளை இந்தப் பேட்டைக்கு என்னவாக இருந்திருக்கிறது என்று நாலு பக்கம் வேண்டும். அவ்வளவுதான் கேட்டார்கள்.

கிளை போனால் யாருக்கு நஷ்டம் என்பது தெருவுக்கே தெரியும். எதிர்ச் சந்தில் ஒரு அம்மா இருக்கிறார். மில் ஓடிய காலத்தில் நூற்புப் பகுதியில் வேலை பார்த்தவர். முழங்கால் இரண்டும் தேய்ந்துபோய்க் கம்பு ஊன்றி நடக்கிறார். அவர் பென்ஷன் இந்தக் கிளைக்கு வருகிறது, தெருவைக் கடந்தால் வாங்கிக்கொள்ளலாம். டவுன் கிளை என்றால் டெம்போ ஏற வேண்டும், இறங்கி நடக்க வேண்டும், அங்கே போய்ப் படிக்கட்டும் ஏற வேண்டும். அவரிடம் போன் இருக்கிறது. அதில் மகளோடு பேசுவார், ஆனால் பணத்தை அதற்குள் விடமாட்டார். என்னைப் பார்க்கும்போதெல்லாம் ஒரே கேள்விதான்.

“பேங்க எடுத்துடுவாங்களா சார்?”

நான் எழுதிக்கொண்டிருக்கிறேன், எடுக்க மாட்டார்கள் என்று பதில் சொல்வேன். அதாவது, நான் எழுதினால் அதிகாரி படித்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொள்வார், கிளை நிற்கும் என்று எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை. அந்த அம்மா நம்பினாரா என்று தெரியாது. நான் முழுதாக நம்பினேன்.

எழுத உட்கார்ந்ததும் எனக்கு என்ன பிடித்ததோ, நாலு பக்கம் கேட்டதற்கு வாங்கிவைத்த பேப்பர் எல்லாம் தீர்ந்துபோய் மறுபடி கடைக்குப் போனேன். மில் ஓடிய நாளில் ஒரு தனி வீட்டை வாடகைக்கு எடுத்துக் கிளையைத் தொடங்கியதையும், அந்த வீட்டுச் சமையலறையை, இந்த ஊர்ப் பேச்சில் குசினியை, சுவர் வைத்து அடைத்துப் பெட்டக அறை ஆக்கியதையும், இன்றைக்கும் வயதானவர்கள் ‘பணம் குசினியில இருக்கு’ என்று சொல்வதையும் ஒரே பத்தியில் முடித்தேன். எனக்கு முன்னால் இருந்த மேலாளர்கள் எல்லோரும் சேர்ந்து இன்னொரு பத்தி. அதன்பிறகு நான் வந்தேன். நான் வந்தபிறகு கிளைக்கே விடிந்தது. கம்ப்யூட்டர் என் காலத்தில்தான் வந்தது என்று எழுதினேன். அந்த வருடம் எல்லாக் கிளைகளுக்கும் லாரியில் ஏற்றி அனுப்பினார்கள் என்பதையும், இறக்கிவைத்ததற்குக் கையெழுத்துப் போட்டதுதான் என் பங்கு என்பதையும் எழுதவில்லை. ‘பொற்காலம்’ என்று ஒரு தலைப்புப் போட்டேன். கொஞ்சம் அதிகமோ என்று அடித்துவிட்டு ‘திருப்புமுனை’ என்று மாற்றினேன். பிறகு, உண்மையை மறைப்பானேன் என்று பொற்காலத்தையே திரும்பவும் போட்டேன்.

என் மனைவி படித்துப் பார்த்தாள். அவளும் என்னைப்போலத் திருநெல்வேலிப் பக்கம். இத்தனை வருடம் புதுச்சேரித் தண்ணீர் குடித்தும் பேச்சு மாறாதவள்.

“இதுல பேங்க் எங்க இருக்கு? எந்தப் பக்கத்தத் திருப்புனாலும் நீங்கள்லா நிக்கீங்க” என்றாள்.

அவளுக்கு வரலாறு எழுதுவதன் நுட்பம் தெரியாது என்று மனதைத் தேற்றிக்கொண்டு, எதிர்ச் சந்து அம்மாவுக்குப் படித்துக் காட்டலாம் என்று போனேன். பாராட்டு எங்கே கிடைக்கும் என்று அலைகிறவனுக்குக் கால் வலிக்காது. அந்த அம்மா பொறுமையாகக் கேட்டார். பொற்காலம் வந்தபோது நடுவில் ஒரு கொட்டாவி விட்டார். முடிந்ததும், “செருப்பு சமாச்சாரம் எழுதலியா சார்?” என்று கேட்டார்.

அந்தச் சமயத்தில் எனக்குக் காது கேட்கவில்லை.

செருப்பு சமாச்சாரம் என்னவென்றால், நான் இங்கே மாற்றலாகி வந்த முதல் வாரத்தில் நடந்தது. இந்த ஊர்ப் பேச்சு அப்போது எனக்குச் சுத்தமாகப் பிடிபடவில்லை. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர்களை இங்கே சொல்தா என்பார்கள். ஒரு வயதான அம்மாளைக் காட்டி, “அவங்க சொல்தா பொண்டாட்டி சார்” என்றார் காசாளர். எங்கள் ஊரில் ‘சொல்லுதா’ என்றால் அவள் சொல்கிறாள் என்று அர்த்தம். நான் மரியாதையாகக் குனிந்து, “என்ன சொல்லுதா?” என்று கேட்டேன். அந்த அம்மாள் ஒன்றும் சொல்லவில்லை. காசாளர் கீழே எதையோ தேடுவதற்காக மேஜைக்கு அடியில் போனவர் ரொம்ப நேரம் மேலே வரவில்லை. இதோடு நிறுத்தியிருந்தால் நான் பிழைத்திருப்பேன்.

அதே வாரத்தில் ஒருநாள் சீக்கிரமாகக் கிளம்பிப் போனேன். கிளை திறக்க இன்னும் நேரம் இருந்தது. வாசலில் ஒரு மனிதரும் இல்லை. ஆனால் பூட்டிய கேட்டிலிருந்து தெரு ஓரமாக ஜோடி ஜோடியாகச் செருப்புகள், ஒன்றன்பின் ஒன்றாக, பக்கத்து வீட்டையும் தாண்டி நின்றன. பெரும்பாலும் ரப்பர்ச் செருப்புகள், நீல வாரும் பச்சை வாரும். கிளைக்கு வருகிறவர்கள் வெறுங்காலோடு வருவதை முந்தின நாட்களிலேயே கவனித்திருந்தேன். இப்போது எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. இந்த ஏழை ஜனங்கள் வங்கியைக் கோயிலாக நினைத்துத் தெருவிலேயே செருப்பைக் கழற்றிவிடுகிறார்கள். கல்லூரியில் சுயமரியாதை பற்றிப் பேசிக் கோப்பை வாங்கியவன் நான். நெஞ்சு கொதித்தது. கழற்றியவர்கள் எங்கே என்ற கேள்வி மட்டும் எனக்குத் தோன்றவில்லை. கண்ணில் நீர் முட்டிய வேகத்தில் அது விடுபட்டுப் போயிற்று.

அன்று மாலையே, வண்டிகளுக்கு நம்பர் பிளேட் எழுதும் கடையில் ஒரு தகரப் பலகை எழுதச் சொன்னேன். எழுத்து பெரிதாக, சிவப்பில் இருக்க வேண்டும் என்றேன். ‘வாடிக்கையாளர்கள் செருப்புடன் உள்ளே வரவும். இப்படிக்கு, மேலாளர்.’ கடைக்காரர் என்னை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, காசை முன்கூட்டியே வாங்கிக்கொண்டார்.

மறுநாள் காலை பலகையைக் கேட்டில் மாட்டினேன். காவலாளியைக் கூப்பிட்டு, வெளியே கிடக்கும் செருப்புகளை எல்லாம் வாரி உள்ளே கொண்டுவந்து, கூடத்தில் மரியாதையாக வைக்கச் சொன்னேன். “வேணாம் சார்” என்றார். அவரும் அடிமைப் புத்தியில் ஊறியவர் என்று இரக்கப்பட்டு, நானே கைகொடுத்தேன். ஒரு வங்கி மேலாளர் ஊர்ச் செருப்பையெல்லாம் இரண்டு கையாலும் அள்ளிப்போகும் காட்சியை இந்தப் பேட்டை அதற்கு முன்பு பார்த்ததில்லை. கூடத்தின் மூலையில் ஒரு குவியல் ஆயிற்று. நான் கையைக் கழுவிக்கொண்டு, நன்றி சொல்ல வருகிறவர்களுக்காக என் அறையில் உட்கார்ந்திருந்தேன்.

திறக்கும் நேரத்துக்குத் தெருவின் இரண்டு பக்கத்திலிருந்தும் வெறுங்காலோடு ஆட்கள் வந்தார்கள். தலை ஈரம் காயாமல் சிலர், மீன் கூடையோடு சிலர், பிள்ளையைப் பள்ளியில் விட்டுவிட்டுச் சிலர். வந்தவர்கள் தெருவைப் பார்த்தார்கள். செருப்பைக் காணோம். அப்புறம் எழுந்த சத்தத்தில் நான் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன். நான்தான் முதல், நான்தான் முதல் என்று எல்லோரும் முதலாக இருந்தார்கள். உள்ளே குவியலைக் கண்டுபிடித்து, என் நீல வார் எது, உன் நீல வார் எது என்று இழுத்துக்கொண்டார்கள். அந்த நேரம் பார்த்து ஒருவர் பலகையைச் சத்தமாகப் படித்தார். படித்துவிட்டு என் அறை வாசலுக்கு வந்து, கையில் ஒற்றைச் செருப்போடு, மிகவும் பணிவாகக் கேட்டார்.

“செருப்போட வரச்சொல்லி எழுதிப் போட்டுருக்கீங்க. வந்துட்டோம். சொல்லுங்க சார்.”

நான் ஏதோ சொன்னேன். இன்றுவரை அது என்ன மொழி என்று எனக்கே தெரியாது.

என்னைக் காப்பாற்றியவர் இப்போது எதிர்ச் சந்தில் இருக்கும் அந்த அம்மாதான். அன்றைக்கு இரவு ஷிப்ட் முடித்து வந்திருந்தார், முழங்கால் அப்போது நன்றாக இருந்தது. கூட்டத்தை விலக்கிவிட்டு உள்ளே வந்து, சின்னப் பிள்ளைக்குச் சொல்லும் பக்குவத்தில் சொன்னார். சாமி கும்பிடவா சார் கழட்டுறோம், இடம் பிடிக்கத்தானே. இரவு ஷிப்ட் விடிகாலையில் விடும். வங்கி திறக்கும்வரை யார் நிற்பது? வரும் வழியில் செருப்பை வரிசையில் விட்டுவிட்டு வீட்டுக்குப் போய்க் குளித்து, சாப்பிட்டு, கண் அசந்துவிட்டு, திறக்கும் நேரத்துக்கு வந்து அவரவர் செருப்புக்குப் பக்கத்தில் நின்றுகொள்வார்கள். வரிசை நகர்ந்தால் அங்கே இருக்கிறவர் எல்லோருடைய செருப்பையும் காலால் முன்னே தள்ளிவிடுவார். ஒற்றைச் செருப்பு செல்லாது. பக்கத்து வீட்டுக்காரிக்கும் சேர்த்து இடது ஒன்று, வலது ஒன்று என்று வைத்தால் தூக்கித் தள்ளி வைத்துவிடுவார்கள். கிளை தொடங்கிய நாளிலிருந்து இதுதான் நடக்கிறதாம். நான் கூடத்து மூலையில் குவித்தது அந்த ஏற்பாடு முழுவதையும்தான்.

அன்றைக்கு மதியம்வரை வேலை நடக்கவில்லை. பலர் ஜோடி மாறிப் போட்டுக்கொண்டு போனார்கள். அடுத்து வந்த நாட்களில் தெருவில் யாரைப் பார்த்தாலும் முதலில் காலைப் பார்த்துவிட்டு, என் இடது உன்கிட்ட இருக்கு, என்று மாற்றிக்கொண்டிருந்தார்கள். பலகை அன்று சாயங்காலமே காணாமல் போயிற்று. சில மாதம் கழித்துப் பின் சந்தில் ஒரு வீட்டுக் கோழிக் கூண்டுக்குக் கதவாக அதைப் பார்த்தேன். கோழிகளை மேலாளர் செருப்புடன் உள்ளே வரச் சொல்லிக்கொண்டிருந்தார்.

பிறகு வேறு ஊர்களுக்கு மாற்றலாகிப் போனேன், சுற்றினேன், ஓய்வுபெற்றேன். இங்கேதான் குடியிருக்க வேண்டும் என்று மனைவி பிடிவாதம் பிடித்ததால் திரும்பி வந்தேன். மில் மூடிவிட்டது. இரவு ஷிப்ட் என்பதே இல்லை. செருப்பு வரிசை மட்டும் மாத முதல் வாரத்தில் பென்ஷன் வாங்குகிறவர்களால் அப்படியே நடக்கிறது. இதையெல்லாம் கிளையின் வரலாற்றில் எழுதியிருக்க வேண்டும். ஆனால் இதை எழுதினால் பொற்காலத்தை எங்கே வைப்பது?

மாத முதல் வாரத்திலேயே அதிகாரி வருகிற நாள் வந்தது. அவர் பத்து மணிக்கு வருவார் என்று சொல்லியிருந்தார்கள். அதிகாரிகள் சொன்ன நேரத்துக்கு முன்னால் வந்து பிடிக்கப் பார்ப்பார்கள் என்பது நானும் அதிகாரியாக இருந்ததால் தெரியும். அதனால் இஸ்திரி போட்ட சட்டையோடும், நூல் கட்டித் தைத்த வரலாற்றோடும் முன்கூட்டியே கேட்டருகே நின்றேன். எதிர்ப்பக்கம் அந்த அம்மா பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பயமாக இருக்கிறதா என்று கேட்டேன். டவுன் பேங்க்ல எத்தினி படி சார், என்று கேட்டார். எனக்கு முதன்முறையாக, நான் எழுதியதை அதிகாரி படிக்காமல் போனால் என்ன ஆகும் என்று பயம் வந்தது.

கார் வந்தது. மேலாளர் இன்னும் வரவில்லை. அதிகாரி இறங்கித் தெருவை இரண்டு பக்கமும் பார்த்தார். எங்களைத் தவிர ஒரு ஆள் இல்லை. அவர் முகத்தில், நான் நினைத்தது சரிதான் என்ற களை வந்தது. நான் ஓடிப்போய் அறிமுகம் செய்துகொண்டு வரலாற்றைக் கையில் கொடுத்தேன். நடுவில் பிரித்துக் கொஞ்சம் படித்தார். பொற்காலமாகத்தான் இருக்க வேண்டும். “நல்லது” என்று மூடி, டிரைவரிடம் கொடுத்துவிட்டார். அப்போதுதான் செருப்பு வரிசை அவர் கண்ணில் பட்டது. பக்கத்தில் கோயில் ஏதும் இருக்கிறதா என்று கேட்டார். இல்லை என்றேன். மூடிய கேட்டைப் பார்த்தார், செருப்பைப் பார்த்தார். அவர் முகம் இளகியது. அந்த இளக்கத்தை நான் எங்கேயோ பார்த்திருக்கிறேன் என்று நினைத்தேன். கண்ணாடியில்தான்.

“இந்தக் காலத்துலயும் பேங்குக்கு வெளிய செருப்பக் கழட்டிப் போடறாங்களே, பாவம். ஒரு போர்டு வைக்கச் சொல்லணும்” என்றார்.

வேண்டாம் என்று சொன்னால் ஏன் என்று கேட்பார். ஏன் என்று சொன்னால் யார் என்று கேட்பார். சொல்லாமல் இருந்தால் ஆளில்லாத கிளை என்று எழுதிவிட்டுப் போய்விடுவார். அந்த அம்மா டவுன் படிக்கட்டில் நிற்பது எனக்குக் கண்ணெதிரே தெரிந்தது. அப்படியும் நான் நின்றுகொண்டே இருந்தேன். இவ்வளவு பக்கம் எழுதியவனுக்கு ஒரு வாக்கியம் வரவில்லை.

அந்த அம்மா கம்பை ஊன்றி எழுந்து, தெருவைக் கடந்து வந்தார்.

“போர்டு வேணாங்க. ஏற்கெனவே ஒருத்தரு வெச்சாரு” என்றார்.

பிறகு கதை முழுவதையும் சொன்னார். ஷிப்ட், குளியல், ஒற்றைச் செருப்பு செல்லாது என்பது, தகரப் பலகை, குவியல், ஜோடி மாறியது, கோழிக் கூண்டு. எங்கள் ஊர்ப் பேச்சை அவ்வளவு சுத்தமாகப் பேசிக் காட்டுவார் என்று எனக்கு அதுவரை தெரியாது. ‘என்ன சொல்லுதா’வைக்கூட விடவில்லை. அதிகாரி முதலில் புன்னகைத்தார், பிறகு காரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அந்தச் சிரிப்புக்கு நடுவில் திறக்கும் நேரம் நெருங்கியது. தெருவின் இரண்டு பக்கத்திலிருந்தும் ஆட்கள் வந்து அவரவர் செருப்புக்குப் பக்கத்தில் நின்றார்கள். யாரும் யாரையும் தள்ளவில்லை. அதிகாரி திரும்பிப் பார்த்தபோது, பக்கத்து வீட்டையும் தாண்டி ஒரு வரிசை நின்றுகொண்டிருந்தது. அவர் சிரிப்பை நிறுத்திவிட்டு வரிசையை முதலிலிருந்து கடைசிவரை பார்த்தார்.

“யாரும்மா அந்த மேனேஜர்? இப்ப எங்க இருக்கார்?” என்று கேட்டார்.

வரிசையில் பாதிப் பேருக்குத் தெரியும். மாறிய செருப்போடு வீட்டுக்குப் போனவர்களே சிலர் அங்கே நின்றார்கள். ஒருவர்கூட என் பக்கம் திரும்பவில்லை. நான் என் சட்டைப் பொத்தானைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“அவரா? அப்பவே மாத்தலாயிப் போயிட்டாருங்க” என்றார் அந்த அம்மா.

நல்லவேளை என்றார் அதிகாரி. நல்லவேளை சார் என்று நானும் சொன்னேன்.

மேலாளர் வந்தபின் அதிகாரி உள்ளே போய் மதியம்வரை உட்கார்ந்து, வருகிறவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். கிளம்பும்போது கார் கதவைத் திறந்தபடி, இந்தக் கிளை இங்கேயே இருக்கட்டும் என்று எழுதிவிடுவதாக மேலாளரிடம் சொன்னார். என் வரலாற்றை டிரைவர் எடுத்து என்னிடமே திருப்பிக் கொடுத்தார்.

நான் எதிர்ப்பக்கம் போனேன். அந்த அம்மா பென்ஷனை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டு நாற்காலியில் சாய்ந்திருந்தார். எனக்குக் கேட்காமல் இருக்க முடியவில்லை. என்னைக் காட்டிக்கொடுக்காமல் ஏன் பொய் சொன்னீர்கள் என்று கேட்டேன்.

“பொய் இன்னா சார்? அந்த மேனேஜரு வெளியூர்க்காரரு, போயிட்டாரு” என்றார். “நீங்க நம்ம தெருவாச்சே.”

எனக்கு அழுகை வந்துவிட்டது. தெருவே பார்க்கிறது என்று தெரிந்தும், அந்த நடுப்பகலில், கையில் பொற்காலத்தை வைத்துக்கொண்டு அழுதேன்.